கடலடிச் சுவடுகள் – 9: இராவணன் கோட்டையின் வெள்ளி

பசறை, நமுனுகுலை தோட்டங்களிலிருந்து ஆடிவேலுக்குக் கதிர்காமம் போகிறவர்கள் மாணிக்க கங்கையில் முழுகி எழுந்து கோயிலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆறு அதற்குப் பிறகும் யால காட்டுக்குள் ஓடிக் கடலில் சேர்கிறது. எல்லவில் இராவணன் அருவியாக விழும் தண்ணீரும் கிரிந்தி ஓயாவோடு அதே தென்கரைக்குத்தான் போகிறது. அங்கே, கிரிந்தவுக்கு வெளியே நடுக்கடலில், பெரிய இராவணன் கோட்டை என்ற பாறைத்தொடர் கிடக்கிறது. வீரமகேந்திரபுரத்தைக் கடல் கொண்டது என்று கந்தபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தத் திசையில் ஒரு கோட்டை இருப்பதில் வியப்பில்லை.

கப்பல்களுக்கு அது எமன். 1873இல் பாறையின் மேலேயே கலங்கரை விளக்கம் எழும்பியது. அதற்கு முன் இருட்டில் வந்த கப்பலுக்கு, அலை வெள்ளையாக உடைவது தெரிந்தால்தான் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆடி மாதத்தில் சுழியோடிகள் கிட்டவும் போக முடியாது. மார்ச், ஏப்ரலில் கடல் கொஞ்சம் இரங்கும். அப்போதும் ஆழத்தைவிட அலையின் இழுப்புக்கே அஞ்ச வேண்டும்: ஆளைத் தூக்கிப் பாறையில் அறைந்துவிடும்.

1961 மார்ச்சில் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களை வைத்து அங்கே நீரடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் மைக் வில்சன். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி. பாறையிடுக்கில் பித்தளைப் பீரங்கி ஒன்று தெரிந்தது. பக்கத்தில் வெள்ளிக் காசுகள், கட்டி கட்டியாக. பை உளுத்துப் போயிருந்தது. காசுகளோ ஒன்றோடொன்று இறுகி, பையின் வடிவத்திலேயே நின்றன. வெளிப்பக்கக் காசுகள் உப்பு நீரில் அரித்துப்போய், உள்ளே இருந்தவற்றைக் காத்திருந்தன. உடைத்துப் பார்த்தால் நடுவில் இருந்தவை புத்தம்புதிதாக மின்னின. ஔரங்கசீப் காலத்துச் சூரத் ரூபாய்கள். ஹிஜ்ரி 1113, அதாவது 1702ஐ ஒட்டிய ஆண்டு. கைமாறித் தேயாத காசு என்பதால், அச்சடித்த சூட்டோடு கப்பலேறியிருக்க வேண்டும்.

1963இல் பீட்டர் துரொக்மார்ட்டன் என்ற கடலடித் தொல்லியலாளரை அழைத்துக்கொண்டு வில்சன் குழுவினர் மீண்டும் போனார்கள். அது நல்ல முடிவு. ஆனால் முதல் முறையே ஒரு பகுதி வெள்ளி மேலே வந்துவிட்டது. எந்தக் காசு எங்கே கிடந்தது, பீரங்கி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று வரைந்து வைக்காமல் எடுத்தால், கப்பல் எப்படி மோதியது என்ற கதையும் அதோடு போய்விடும். வெள்ளியைவிட அந்தக் கதைதான் எனக்குப் பெரிது. இன்று சுழியோடப் போகிற இளைஞர்களிடம் கெஞ்சிக் கேட்பதும் அதைத்தான்: பாருங்கள், படம் எடுங்கள், கை வைக்காதீர்கள்.

வில்சன் அதற்கிடையில் 'ரன் முத்து தூவ' என்ற முதல் சிங்கள வண்ணப்படத்தையும் எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமக் கந்தனின் அடியாராக வாழ்ந்து 1995இல் மறைந்தார்.

அடுத்த இதழில் பதுளையிலிருந்து செங்கலடி வீதியால் மட்டக்களப்புக்கு இறங்குவோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அங்கே கிடக்கிறது.