கத்திரிக்கு முன் காரில் மின் வாட்டர் பம்ப்: மாட்டலாமா, வேண்டாமா?

மே 4-ம் தேதி கத்திரி வெயில் தொடங்குகிறது. அதற்குள் காரின் பெல்ட் பம்பை எடுத்துவிட்டு மின் வாட்டர் பம்ப் மாட்டிவிடலாமா என்று அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்து வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மைலேஜ் கூடும் என்கிறார் விற்பவர். இனி வண்டி ஹீட்டே ஆகாது என்கிறது பம்ப் வந்த பெட்டி. அதில் கை வைக்காதீர்கள் என்கிறார் ஊர் மெக்கானிக். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் உள்ள குழப்பம்.

தினமும் வேலைக்கு ஓட்டும் கார் என்றால் மெக்கானிக் சொல்வதே சரி. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மைலேஜ் கூடுமா?

பெல்ட் பம்ப் இன்ஜினின் சக்தியைத் தின்கிறது, அதை எடுத்துவிட்டால் அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகும் என்பது விற்பவர்களின் வாதம். அது பொய்யில்லை. ஆனால் எந்த வேகத்தில் எவ்வளவு தின்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

வாட்டர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கு ஒரு விதி உண்டு. சுழற்சி இரண்டு மடங்கானால் தண்ணீர் ஓட்டம் இரண்டு மடங்காகும், அழுத்தம் நான்கு மடங்காகும், அது இழுக்கும் சக்தி எட்டு மடங்காகும். அதாவது சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகம் குறைந்தால் அதே கணக்கில் சரிந்துவிடுகிறது.

6000 ஆர்.பி.எம்.மில் 1000 வாட் இழுக்கும் பெல்ட் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாம் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது சுமார் 2000 ஆர்.பி.எம்.மில். வேகம் மூன்றில் ஒரு பங்கு, எனவே சக்தி இருபத்தேழில் ஒரு பங்கு. பம்ப் இழுப்பது வெறும் 37 வாட். உளுந்தூர்ப்பேட்டை சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் சிறிய காரின் இன்ஜின் ஏறக்குறைய பத்தாயிரம் வாட் தந்துகொண்டிருக்கும். அதில் 37 வாட்டை மிச்சப்படுத்தினால் மீட்டரில் எதுவும் தெரியாது. விளம்பரத்தில் வரும் சக்தி லாபம் ரேஸ் டிராக்கில் 6000-ஐத் தாண்டி ஓடும் இன்ஜினுக்கு உரியது. அலுவலகம் போகும் காருக்கு அது கிடைக்காது.

மின் பம்பும் சும்மா ஓடுவதில்லை. முழு வேகத்தில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 13 வோல்ட்டில் 130 வாட் வேண்டும். அந்த மின்சாரத்தைத் தருவது ஆல்டர்னேட்டர், அதைச் சுழற்றுவது அதே பெல்ட்தான். வழியில் பாதிக்குச் சற்றுக் குறைவான சக்தி வெப்பமாக வீணாவதால், இன்ஜின் தலையில் 200 வாட்டுக்கு மேல் சுமை ஏறும். பம்பைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதை விட்டு விட்டு ஓட்டினால் இந்தச் செலவு குறையும் என்பது உண்மை. அப்படிக் குறைத்தாலும் மிச்சம் பிடிக்க அங்கே இருப்பது 37 வாட் மட்டும்தான்.

டிராஃபிக்கில் ஹீட் ஆவது பம்பாலா?

ஐடிலில் பெல்ட் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, தண்ணீர் போதாமல் வண்டி ஹீட் ஆகிறது, மின் பம்ப் என்றால் அங்கேயும் முழு வேகத்தில் ஓடும் என்பது இரண்டாவது வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது.

ஐந்து ரோடு சிக்னலில் ஏசி போட்டு நிற்கும் சிறிய பெட்ரோல் கார் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லிட்டரில் இருப்பது ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள் இறங்குகிறது என்றால் 3 கிலோவாட் வெப்பம். ரேடியேட்டருக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் வைத்து இந்த வெப்பத்தைச் சுமந்து செல்ல, நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டம் போதும். நல்ல நிலையில் உள்ள பெல்ட் பம்ப் ஐடிலிலேயே அதைத் தந்துவிடும். நிமிடத்துக்கு 115 லிட்டர் தள்ளும் என்று விற்கப்படும் மின் பம்புக்கு அங்கே வேலை இல்லை.

நிற்கும் வண்டியில் இல்லாமல் போவது காற்று. ஃபேன் மெதுவாகச் சுற்றுவது, ரிலே ஒட்டிக்கொள்வது, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மண்ணும் பூச்சியும் அடைத்துக்கொள்வது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். அரூர் சாலையில் மஞ்சவாடிக் கணவாய் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தாலும் இதே கதைதான். அங்கே இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் பம்பில் குறை இருக்காது, முன்னாலிருந்து காற்றுதான் வராது.

நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. அவசரத்துக்கு ஊற்றிய போர் தண்ணீர் அப்படியே விடப்பட்டு, அதிலுள்ள சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களின் உள்சுவரில் படிகிறது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் சுமார் நூறில் ஒரு பங்கைத்தான் இந்தப் படிவு கடத்தும். அந்தக் குழாய்களில் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை ஓட்டினாலும் வெப்பம் சரியாக வெளியே வராது.

கவலைப்பட வைக்கும் விஷயம்

பெல்ட் பம்ப் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய ஆரம்பித்ததும் அந்தத் துளை வழியாகக் கூலன்ட் கசியும். காய்ந்த பிறகு பச்சையோ சிவப்போ வெள்ளையோ ஒரு கறை இன்ஜின் மேல் கோடாக இறங்கியிருக்கும். பேரிங் போனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் கேட்கும். ஆயில் மாற்றும்போது டார்ச் அடித்துப் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணில் இது பட்டுவிடும். பெல்ட்டே அறுந்தாலும் பேட்டரி விளக்கு உடனே எரியும்.

வெளியில் வாங்கி மாட்டும் மின் பம்பில் இந்த அறிகுறிகள் பெரும்பாலும் இல்லை. ஃப்யூஸ் போகலாம், எர்த் வயரின் முனையில் பச்சைப் பூஞ்சை போலத் துரு ஏறலாம், கனெக்டரில் மழைநீர் இறங்கலாம். பம்ப் நின்றுவிடும். வழக்கமாக இதைப் பொருத்தும்போது பழைய பம்பின் இம்பெல்லரையும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிடுவதால் தண்ணீரைத் தள்ள வேறெதுவும் இருக்காது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓரிரு நிமிடங்களில் ஹெட்டுக்குள் தண்ணீர் கொதிக்கும். ஹோஸ் கழன்று தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால், டெம்பரேச்சர் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றுதான் இருக்கும். அது உண்மையான சூட்டைக் காட்டாது. இன்று பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளே இல்லை, ஒரு விளக்கு மட்டும் உண்டு. அது எரிவதற்குள் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

கார் கம்பெனிகளே பொருத்துகின்றனவே?

உண்மைதான். பிஎம்டபிள்யூ 2004-05 வாக்கில் தன் என்52 பெட்ரோல் இன்ஜினில் பெல்ட் பம்பை விட்டுவிட்டு 200 வாட் மின் பம்ப் வைத்தது. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் இன்ஜினில் வெளிப் பெல்ட்டே கிடையாது. நம் சாலையில் ஓடும் இன்னோவா ஹைக்ராஸ் ஹைபிரிடிலும் மின் பம்ப்தான். இன்ஜின் நின்று நின்று ஓடும் ஹைபிரிடுக்கு அது பொருத்தமானது.

வித்தியாசம் எங்கே என்றால், அந்தக் கார்களில் பம்ப் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று ஆணையிடுவதே ஈசியு எனும் இன்ஜின் கணினி. பம்பில் கோளாறு என்றால் அதற்குத் தெரியும், எச்சரிக்கும், இன்ஜின் சக்தியைக் குறைக்கும். வெளியில் வாங்கி மாட்டினால், அப்படி ஒரு பம்ப் இருப்பதே உங்கள் காரின் ஈசியுவுக்குத் தெரியாது.

மற்ற கேள்விகள்

*மின் பம்பால் உண்மையான லாபம் எதுவுமே இல்லையா?* ஒன்று உண்டு: இன்ஜினை அணைத்த பிறகும் சில நிமிடம் ஓடி ஹெட்டைக் குளிர்விக்கும். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் அதில் பெரும்பங்கு செலவில்லாமல் கிடைக்கும்.

*115 லிட்டர் பம்ப் என்றால்?* தடையில்லாத ஓட்டத்தில் அளந்த உச்ச அளவு. ரேடியேட்டரும் ஹோஸும் சேர்ந்தால் குறையும்.

*வாரண்டி?* கூலிங் தொடர்பான கோரிக்கை மறுக்கப்பட இடமுண்டு. முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

*ஆர்.டி.ஓ. அனுமதி?* மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி. விவரங்கள் மாறும் மாற்றங்களைப் பற்றியது. வாட்டர் பம்ப் ஆர்.சி.யில் வராது.

*தெர்மோஸ்டாட்டை மட்டும் கழற்றினால்?* வேண்டாம். சூடேறாத இன்ஜின் பெட்ரோல் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

*யாருக்குத்தான் இது ஏற்றது?* ரேஸ் கார், இன்ஜின் மாற்றிய கார், ஒரிஜினல் பம்ப் கிடைக்காத பழைய கார்.

மே 4-க்கு முன் செய்ய வேண்டியவை வேறு. ரேடியேட்டரை உள்ளும் புறமும் சுத்தம் செய்யுங்கள். கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து ஊற்றுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 100-லிருந்து சுமார் 118 டிகிரிக்கு உயர்த்துகிறது. பம்பின் அடித்துளையில் கறை இருந்தால் அதே மாடல் பெல்ட் பம்ப் ஒன்றைப் போடுங்கள். இத்தனைக்கும் பிறகு வண்டி ஹீட் ஆனால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் புதிய பம்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.