வாப்பாவின் உளியைப் பறிக்காதீர்கள்

மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வழியே செல்பவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டிருப்பீர்கள். அதன் பூமுகத்து மரக்கூரையில் 90 வகை மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. மரவேலை ஊறிய இம்மண்ணில், முதுமையிலும் ஓய்வுக்காக உளியெடுத்து மணையும் அகப்பைக் காம்பும் செய்து மகிழும் தந்தையர் உண்டு.

"கை நடுங்குகிறது, போதும் வாப்பா" என்று கருவிப்பெட்டியை ஒளித்து வைப்பதும் அன்பினால்தான். ஆனால், அவருடைய மகிழ்ச்சியும் அதனுள் அடைபட்டுவிடுகிறது. அகற்ற வேண்டியது ஆபத்தையே, கருவியை அன்று.

60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எனவே, வேலை செய்யும் மேசைமீது நிழல் விழாதவாறு நல்ல விளக்கொன்று அமையுங்கள். உளியைச் சாணை பிடித்துக் கொடுங்கள். மழுங்கிய உளியை அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. மரத்தை 'வைஸ்' பற்றிக்கொள்ளட்டும். இரு கைகளும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கட்டும். மூட்டுவலியுள்ள விரல்களுக்காகப் பிடியில் துணி சுற்றுங்கள். தேக்கைவிடக் குமிழ் மரம் எளிதில் இழையும்.

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. உப்புத்தாள் தேய்ப்பதைத் திறந்தவெளியில், முகக்கவசத்துடன் செய்யச் சொல்லுங்கள். மின்சார ரம்பத்தின் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவராயின், மருத்துவரிடம் முன்னரே கேட்டறியுங்கள். வீட்டில் துணையிருக்கும் வேளையில் மட்டும் வேலை நடக்கட்டும்.

பின்னர், அடுக்களைக்கு ஒரு மணை வேண்டுமென்று அவரிடமே கேளுங்கள். தாம் தேவைப்படுகிறோம் என்னும் உணர்வே முதுமைக்கு ஊன்றுகோல்.