முற்றம் இழந்த வீடுகளும் ஜெஃப்ரி பாவா தரும் பாடமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில், கோயிலின் ஏழு சுற்றுமதில்களுள் வெளிப்புறச் சுற்றுகளில் மக்கள் குடியிருக்கும் வீதிகள் உள்ளன. அவ்வீதிகளில் எஞ்சி நிற்கும் பழைய வீடொன்றில் சித்திரை மாத நண்பகலில் நுழைவோர் ஒரு மாற்றத்தை உடனே உணர்வர். திருச்சியின் கோடை வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டும் வேளையிலும், திண்ணையையும் ரேழியையும் கடந்து கூடத்தை அடைந்ததும் உடல் ஆறுதல் கொள்கிறது.

இதற்குக் காரணம் எளியது. வான் நோக்கித் திறந்த முற்றம் இரவில் தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு விட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானதாதலால் கீழே இறங்கிச் சுற்றியுள்ள அறைகளில் தங்குகிறது. சுண்ணச் சாந்தால் கட்டிய தடித்த சுவர்கள் பகல் வெப்பம் உள்ளே வருவதைப் பல மணி நேரம் தாமதப்படுத்துகின்றன. முற்றம் அளவுக்கு மீறி அகன்றால் இப்பயன் குன்றும். வெயிலே தரையில் வந்து விழும். ஆகவே நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ற அளவைப் பழைய கொத்தனார்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இந்த அறிவு ஒரு சமயத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் உரியதன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய முஸ்லிம் இல்லங்களிலும் உள்முற்றம் உண்டு. தெருவின் பார்வை படாமல் வானத்தையும் காற்றையும் பெண்கள் அனுபவிக்க அது வழிசெய்தது. கெய்ரோவின் பழைய மாளிகைகளும் இதே தேவைக்கு இதே விடையைக் கண்டன. அந்த மரபை நம் காலத்தில் எடுத்துரைத்தவர் எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ.

இன்று திருச்சியின் புதிய குடியிருப்புகளில் நாம் காண்பது வேறு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், நாம் உறங்கச் செல்லும் வேளையில் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. பழைய வீடு அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, திறந்தவெளியை நடுவில் வைத்தது. புதிய வீடோ மனையின் ஓரங்களில் குறுகிய சந்துகளாக அதைச் சிதறவிடுகிறது. அச்சந்துகளில் அமரவும் இயலாது. குழந்தைகள் விளையாடவும் இயலாது. இழந்த குளிர்ச்சிக்கு ஈடாகக் குளிர்சாதனப் பெட்டியை வாங்கி, மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துகிறோம்.

பழைய அறிவைப் புதிய வாழ்க்கைக்கு ஏற்ப மீட்க முடியுமா? முடியும் என்று தம் பணியால் காட்டியவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003). தந்தை வழியில் இலங்கை முஸ்லிம் மரபினர். முதலில் வழக்கறிஞரானார்; பின்னர் லண்டனில் கட்டடக்கலை பயின்று, 1957இல் தம் 38ஆம் வயதில் தகுதி பெற்றார். கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், தமிழரான பொறியாளர் கே. பூலோகசுந்தரம் நெடுங்காலம் அவருடைய கூட்டாளியாக இருந்தார்.

அன்றைய இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிப் பொருள்கள் அருகின. அந்நெருக்கடியே உள்ளூர்க் கல்லையும் மரத்தையும் ஓட்டையும் நோக்கி அந்நிறுவனத்தைத் திருப்பியது. நாட்டு ஓட்டுக் கூரை மழையில் ஒழுகும் என்ற பழைய குறைக்கு, நெளிவுள்ள சிமெண்ட் தகடுகளின் மேல் ஓடுகளைப் பதித்து விடை கண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில், நெருக்கமான நகர மனைக்குள்ளேயே முற்றம் மீண்டும் நடுநாயகமாயிற்று. பிற்காலத்தில் அம்மனை கைமாறியபோது அவ்வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, பாவாவின் லுனுகங்கா தோட்டத்தில் மீண்டும் எழுப்பினார்கள். ஒரு வீட்டின் மதிப்பை அறிந்தோர் அதற்காக எவ்வளவு உழைப்பர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீடுகளில் கற்றதைப் பாவா பொழுதுபோக்குக் கட்டடங்களுக்கும் கொண்டு சென்றார். 1960களின் இறுதியில் எழுந்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியும், 1994இல் திறந்த கண்டலாம விடுதியும் புகழ்பெற்றவை. தமிழகத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. 1970களில் சென்னை கன்னிமரா விடுதியின் விரிவாக்கத்தையும், மதுரா கோட்ஸ் நிறுவனத்தாருக்காக மதுரை கிளப்பையும் அவர் வடிவமைத்தார். 1980இல் ஹஸன் ஃபத்ஹீ பெற்ற ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு, 2001இல் பாவாவுக்கு வழங்கப்பெற்றது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பாவாவைப் பின்பற்றியோர் பலர் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் செல்வர் தங்கும் விடுதிகளின் அலங்காரமாக்கிவிட்டனர். நாமும் அவ்வாறே நடந்துகொள்கிறோம். பாட்டனார் கட்டிய வீட்டின் தூண்களை விலைக்கு விற்கிறோம். விடுமுறையில் அத்தகைய தூண்களின் நிழலில் ஓரிரவு தங்க வாடகை கொடுக்கிறோம். குறை விடுதிகளிடம் இல்லை. வீட்டுக்கு வேண்டாம் என்று நாம் ஒதுக்கியதையே ஓய்வுக்குத் தேடிச் செல்கிறோம் என்பதை உணராதிருப்பதுதான் குறை.

சிறு மனையிலும் செய்யத்தக்கவை பல. 10 அடிக்கு 10 அடி உள்முற்றம், மேற்குச் சுவருக்கு மர நிழல், தளத்தின் மேல் தட்டோடு, ஆடிக் காற்று வந்து வெளியேற எதிரெதிர்ச் சாளரங்கள்: இவை செல்வர்க்கு மட்டும் உரியவையல்ல. வீடு கட்டுவோர் கட்டடக்கலைஞரிடம் முதலில் கேட்பது எத்தனை படுக்கையறைகள் என்பதே. காற்று எவ்வழி வரும், வெயில் எங்கே விழும், முதியோர் மாலையில் எங்கே அமர்வர் என்றும் கேட்போமாக. நாம் கேளாத வரை வரைபடத்தில் அவற்றுக்கு இடம் இராது.