ஆறாவது வாரத்துக் கணக்கு

கண்புரை ஆபரேஷன் சில நிமிட வேலை. பார்வை ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும். ஆனால் செலவுக் கணக்கு எழுதுகிறவர்கள் அந்தச் சில நிமிடங்களோடு பேரேட்டை மூடிவிடுகிறார்கள்.

அழகர்கோவிலிலிருந்து சுமார் 21 கி.மீ. தூரத்தில், மதுரையில், 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் 1992-இல், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது. இறக்குமதி லென்ஸ் 100 டாலரை ஒட்டி விற்ற காலம் அது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. ஆக, லென்ஸ் இன்று பெரிய செலவே இல்லை.

அடுத்த வரி ஆபரேஷன் முறை. 2005-இல் வெளியான புனே ஆய்வு ஒன்று 400 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு மெஷின் வைத்துச் செய்யும் பேக்கோ, மறுபாதிக்குக் கையாலேயே செய்யும் சிறு கீறல் முறை. அளவுகோல் 6/18: நல்ல கண் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலாவது படிக்க வேண்டும். கண்ணாடி போடாமல் இதை எட்டியவர்கள், முதல் வாரத்தில் பேக்கோவில் 68.2%, கையால் செய்ததில் 61.3%. ஆறாவது வாரத்தில் 81.1%, 71.1%. சரியான கண்ணாடி போட்டுப் பார்த்தபோது? இரண்டிலும் 98.4%.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆய்வு நடந்த புனே மருத்துவமனையில் பேக்கோவுக்கு ஆன செலவு 42.10 டாலர், மற்றதற்கு 15.34, அன்றைய மதிப்பில் சுமார் 1,980 ரூபாயும் 720 ரூபாயும். கூடுதல் 1,260 ரூபாய் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கண்ணாடியில்லாப் பார்வை தந்தது. ஒரு ஜோடிக் கண்ணாடியோ, பேக்கோவில் 17 பேரையும் கைமுறையில் 27 பேரையும் மேலே தூக்கிவிட்டது.

ஏன் ஆறு வாரம்? பேக்கோவின் கீறல் 3 மி.மீ.க்குள், கைமுறையில் 6 மி.மீ. அல்லது சற்றுக் கூட. அது ஆறும்போது கருவிழியின் வளைவு மாறிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுக் கண்ணாடி எழுதினால் பவர் பிசகும்.  பக்கத்துப் பார்வைக்கோ பெரும்பாலும் தனிக் கண்ணாடி வேண்டும்: 40 செ.மீ. தூரத்தில் பூத்தொடுக்க, 1-ஐ 0.4 மீட்டரால் வகுத்தால் பவர் +2.50.

சொட்டு மருந்துக்கும் கணக்கு உண்டு. நாளைக்கு 6 தடவையில் தொடங்கி வாரத்துக்கு ஒவ்வொரு தடவையாகக் குறைப்பது ஒரு வழக்கமான முறை. கூட்டினால் 147 சொட்டு. மில்லிக்கு 20 சொட்டு என்றால் 5 மி.லி. பாட்டில் மூன்றாம் வாரக் கடைசியில் காலி. கன்னத்தில் வழிவதை நான் சேர்க்கவில்லை. தலைக்குக் குளிப்பதும் தள்ளிப்போகும். அழகர்மலையின் நூபுரகங்கைத் தீர்த்தத்துக்குப் போவதாக வேண்டிக்கொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மலையேறட்டும்.

கண்ணாடிக்காக இன்னொரு முறை அழகர்கோவிலிலிருந்து மதுரை போய்வர 42 கி.மீ. சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூலி போவதை யார் எழுதுகிறார்கள்? 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் உச்சக் கூலி 319 ரூபாய். ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டியோடு மகளும் போனால் இருவருக்கும் சேர்த்து 638. ‘அதான் தெரியுதே, எதுக்குத்தா இன்னொரு நடை?’ என்று பாட்டி சொல்வதில் தப்பு இல்லை. புனே ஆய்விலேயே 400 பேரில் ஆறாவது வாரக் கணக்கில் இருப்பவர்கள் 372 பேர்தான்.

2004-இலிருந்து அரவிந்த் திறந்துவரும் கிராமப்புறப் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. கண்ணாடி அங்கேயே எழுதிக் கிடைக்கும் ஊர்களில் அந்த 638 பெரும்பாலும் மிச்சம்.