கண் சிமிட்டச் சொன்ன வங்கி

2023 ஜூலையில் வடநாட்டுப் பெண் ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனார். அமிலவீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கே.ஒய்.சி. கட்டத்தில் வேலை நின்றுவிட்டது. கேமரா முன் இருப்பது போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று காட்ட அவர் கண் சிமிட்ட வேண்டும். அவரால் சிமிட்ட முடியாது.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் கண் சிமிட்டலே ஜனங்களின் அலைச்சலைக் குறைக்க வந்ததுதான். ஜெராக்ஸ் கட்டு வேண்டாம், விண்ணப்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டாம். போனைப் பார்த்து இமைத்தால் போதும். பெரும்பாலானவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இவருக்கு மட்டும் அதுவே சுவராக நின்றது.

வெப்சைட், ஆப் வடிவமைப்பவர்கள் இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சொல்வார்கள்: பயன்பாட்டு எளிமை, அணுகல்தன்மை. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது, வேலை எவ்வளவு லேசாக முடிகிறது என்று பார்க்கிறது. இரண்டாவது, யாருக்கெல்லாம் முடிகிறது, யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்று பார்க்கிறது. கண் சிமிட்டும் கே.ஒய்.சி. முதல் கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கும். இரண்டாவதில் பெயில்.

பயன்பாட்டு எளிமைக்கு ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலையின் 11-ஆம் பகுதி, 1998-லேயே இலக்கணம் வகுத்துவிட்டது: எடுத்த காரியம் முடிய வேண்டும், குறைந்த முயற்சியில் முடிய வேண்டும், முடித்தவருக்குத் திருப்தி இருக்க வேண்டும். இதற்கு அமெரிக்க வடிவமைப்பு நிபுணர் ஜாரெட் ஸ்பூல் ஒரு கதை சொல்வார். பெயர் சொல்லாத ஒரு பெரிய இணையக் கடை. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போகும் இடத்தில் ஒரு சின்னப் படிவம்: மின்னஞ்சல், பாஸ்வேர்டு, 'லாகின்', 'ரெஜிஸ்டர்'. புதிதாக வந்தவர்கள் ரெஜிஸ்டர் செய்ய எரிச்சல்பட்டுக் கூடையைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கோ பாஸ்வேர்டு நினைவில்லை. 'ரெஜிஸ்டர்' பட்டனை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்று ஒரு பட்டனையும், வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்ற குறிப்பையும் வைத்தார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் ஏறியது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்த வருமானம் 30 கோடி டாலர் என்பது ஸ்பூலின் கணக்கு.

அந்தப் படிவம் யாருக்கும் கதவைச் சாத்தவில்லை. எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் எட்டியது. சலிப்பைத்தான் தந்தது.

கதவு சாத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அறிய, பார்வையற்ற ஒருவரின் கணினிப் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். மவுஸ் கிடையாது; டேப் விசையைத் தட்டித் தட்டி நகர்கிறார். ஒரு விண்ணப்பப் படிவம் வருகிறது. "எடிட், பிளாங்க்" என்கிறது குரல். ஒரு தட்டு. மறுபடியும் "எடிட், பிளாங்க்". பார்ப்பவருக்குக் கட்டத்தின் தலைமாட்டில் 'பெயர்', 'கைபேசி எண்' என்று பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அந்த எழுத்து இந்தக் கட்டத்துக்கு உரியது என்று நிரலில் யாரும் முடிச்சுப் போடவில்லை. போட்டிருந்தால் குரல் "கைபேசி எண், எடிட்" என்று சொல்லியிருக்கும். நிரல் எழுதுபவருக்கு ஒரு வரி வேலை.

சின்ன வேலை என்றால் நம்பமாட்டார்கள் என்பதற்கு சிட்னி சாட்சி. 2000 ஒலிம்பிக் போட்டிக்கான வெப்சைட்டைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர் 1999-ல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். படங்களுக்கு, ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்லும் மாற்று விவரம் இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழியில்லை. திருத்துவதற்கு ஒருவர் 368 நாள் உழைக்க வேண்டும் என்றது போட்டி அமைப்புக் குழு. சிறிய குழு இருந்தால் நான்கு வாரம் போதும் என்று நிபுணர்கள் சாட்சியம் சொன்னார்கள். 2000 ஆகஸ்டில் தீர்ப்பு மக்வயர் பக்கம் வந்தது. திருத்தச் சொன்னதைக் குழு முழுதாகச் செய்யாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் கட்ட நேர்ந்தது.

படத்துக்கு மாற்று விவரம் வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச அணுகல் விதித்தொகுப்பு 1999 மே மாதத்திலேயே சொல்லியிருந்தது. இப்போது நடப்பது 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வரை அதில் அளவு உண்டு. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்தை வைத்து அழகு பார்ப்பவர்கள் இந்த ஓர் எண்ணையாவது சுவரில் ஒட்டிவைக்கலாம்.

தமிழில் இன்னொரு தனிச் சங்கடம் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஸ்கிரீன் ரீடரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் "ஜே, கே, பி, ஓ" என்று ஆரம்பிக்கும். ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கிய அரசாணை என்றால் அதுகூட இல்லை. அது வெறும் படம்.

விதியைக் கடைப்பிடித்தும் காரியம் கெடுவதுண்டு. எல்லாப் படத்துக்கும் மாற்று விவரம் இருக்கிறது. எல்லாவற்றிலும் 'படம்' என்றே எழுதியிருக்கிறது. விடுபட்டதா என்று தேடும் தானியங்கிச் சோதனை டிக் போட்டுவிட்டுப் போய்விடும். இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்போம் என்று வாசகர் பட்டியலைத் திறந்தால், "மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க". கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே விளக்கு இல்லை.

வங்கி விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் அணுகலும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அணுகல்தன்மையை நிபுணர்களைக் கொண்டு அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதே உத்தரவில், ஆப்பும் வெப்சைட்டும் வெளிவருமுன் நடக்கும் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. தணிக்கையாளர் விதிப்பட்டியலைப் பார்ப்பார். சோதனைக்கு உட்காருபவர், மூன்றாவது தடவை "எடிட், பிளாங்க்" கேட்டதும் கையை எடுத்துவிடுவார். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், காகிதத்தில் கே.ஒய்.சி. செய்வதும் தொடர வேண்டும் என்பவையும் அந்த இருபதில் உண்டு.