வாசலில் எச்சரிக்கைப் பலகை... உள்ளே டிராகன்! பாழூருக்கு மேப் போடுவது எப்படி?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் எபிசோடு ஞாபகம் இருக்கிறதா? வீட்டு பேஸ்மென்ட்டில் நான்கு சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டிவிட்டுக் கத்துவார்கள். அவர்கள் ஆடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-ல் வெளிவந்த விளையாட்டு. ஆளுக்கொரு வீரன் வேஷம். கதையை நடத்துபவர் 'டன்ஜன் மாஸ்டர்'. பரமபதம் போல எப்போதும் ஒரே அட்டை கிடையாது. சாகசத்துக்குச் சாகசம் மேப் மாறும். அதில் அடிக்கடி எட்டிப்பார்ப்பது, மனிதர்கள் விட்டுப்போன பாழூர்.

2014-ல் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் இருக்கும் 'தண்டர்ட்ரீ' அப்படி ஓர் ஊர். எரிமலை வெடித்து அழிந்த கிராமம். வீடுகளுக்குள் செடிகொடி, சாம்பல் பூசிய ஜோம்பிகள், ராட்சதச் சிலந்திகள். நடுவே கூரை இடிந்த வட்டக் கோபுரத்தில் 'வெனம்ஃபேங்' என்ற பச்சை டிராகன். அதன் மேப்பை வரைந்தவர் மைக் ஷ்லே.

இப்படி ஓர் ஊரை வரைய நினைப்பவர் முதலில் இடிந்த சுவரை வரையக் கூடாது. ஊர் நன்றாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கிராஃப் பேப்பரில் போட வேண்டும். தண்ணீர் எங்கே, கிணற்றுக்கு எந்த வழி, கொல்லன் பட்டறை, கோயில், சந்தை. அப்புறம்தான் அழிவு. அதுவும் காரணத்தோடு! தீ என்றால் ஓலைக்கூரை போய்விடும். கல்சுவர் கரிபிடித்து நிற்கும். வெள்ளம் என்றால் தாழ்வான தெருக்கள் சேற்றில் புதையும், மேட்டுக் கோயில் தப்பிக்கும். காரணம் இல்லாமல் அங்கங்கே ஓட்டை போட்டால், அது பாழூர் இல்லை. கட்டி முடிக்காத ஊர்!

கடைசியாகக் குடிவந்தவர்கள். சிலந்திக்கு இருட்டு வேண்டும், டிராகனுக்கு உயரம் வேண்டும். இடிந்த சுவருக்கு விட்டுவிட்டுக் கோடு, கற்குவியலுக்குப் புள்ளிகள். ஒரு கட்டம் பெரும்பாலும் 5 அடி. பூட்டிய கதவை விட விழுந்த சுவர்தான் ஆட்டத்துக்கு நல்லது. நுழைய நாலு வழி கிடைக்கும், ஓடவும்தான்.

ஓடும் வழி ஏன் முக்கியம்? வெனம்ஃபேங் ஒருமுறை விஷமூச்சு விட்டால், 12 பகடைகளை உருட்ட வேண்டும். சராசரி சேதம் 42. மூன்றாம் லெவல் வீரனின் உயிர்ப்புள்ளி 30 சொச்சம் இருந்தாலே பெரிய விஷயம். வாரக்கணக்கில் ஆடி வளர்த்த கதாபாத்திரம் ஒரே மூச்சில் போனால் சும்மா இருக்க முடியுமா? பத்து வயதுப் பிள்ளை என்றால் அழுகைதான்.

தண்டர்ட்ரீயின் நுழைவில் ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. செடிகள், ஜோம்பிகள் இருப்பதைச் சொல்லித் திரும்பிப் போகச் சொல்கிறது. டிராகனைப் பற்றி மூச்சே விடவில்லை! ஊரில் ஒளிந்து வாழும் ட்ரூயிட் ஒருவர் விவரம் சொல்வார். ஆனால், வீரர்கள் அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால்? இதையே வரைபவர் சரிசெய்யலாம். கோபுரத்துக்குப் போகும் பாதையில் ஒடிந்த மரங்கள், மனித எலும்புகள், பெரிய நகக்கீறல் என்று மூன்று இடத்தில் குறித்தால் போதும். அதையும் பார்த்துவிட்டு உள்ளே போனால், அது அவர்கள் எடுத்த முடிவு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மேப்பை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். டன்ஜன் மாஸ்டரின் பிரதியில் கோபுரத்துக்கு ஓர் எண் இருக்கும். வீரர்கள் முன்னால் விரிக்கும் பிரதியில் அது வெறும் வட்டம்.