வகையீட்டு நுண்கணிதம்

வகையீட்டு நுண்கணிதம் என்பது ஓர் அளவு மாறும்போது, அதைச் சார்ந்த மற்றோர் அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்பதை ஆராயும் கணிதப் பிரிவு ஆகும். நுண்கணிதத்தின் இரு பெரும் பிரிவுகளுள் இது ஒன்று; மற்றொன்று தொகையீட்டு நுண்கணிதம். தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்பில் மாணவர்கள் இதைக் கற்கத் தொடங்குகின்றனர்.

அடிப்படைச் சிக்கல்

ஆரணியிலிருந்து புறப்படும் பேருந்து ஒரு மணி நேரத்தில் 40 கி.மீ. சென்றால், அதன் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. ஆனால், வழியில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அதன் வேகம் என்ன? ஒரு கணத்திற்குக் கால நீளம் இல்லை. அதில் கடந்த தொலைவும் இல்லை. சுழியைச் சுழியால் வகுக்க இயலாது. இச்சிக்கலை 'எல்லை' என்னும் கருத்து தீர்க்கிறது.

எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் நெய்த துணி, நெசவாளரின் முன்னுள்ள படமரத்தில் சுற்றப்படுகிறது. சுருளின் குறுக்குவெட்டு வட்டம் எனக் கொள்வோம். அதன் பரப்பு = பை × ஆரம் × ஆரம். ஆரம் 4 செ.மீ. ஆக இருக்கும்போது பரப்பு மாறும் வீதம் காண்போம்.

- ஆரம் 4இலிருந்து 5 ஆனால்: (25 − 16) ÷ 1 = 9
- 4இலிருந்து 4.1 ஆனால்: (16.81 − 16) ÷ 0.1 = 8.1
- 4இலிருந்து 4.01 ஆனால்: (16.0801 − 16) ÷ 0.01 = 8.01

ஒவ்வொரு விடையையும் பையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆர மாற்றம் சுழியை நெருங்க நெருங்க, விடை 8 பையை நெருங்குகிறது. இந்த எல்லை மதிப்பே வகைக்கெழு. 8 பை என்பது 2 × பை × 4, அதாவது அவ்வட்டத்தின் சுற்றளவு. இது தற்செயல் அன்று. புதிதாகச் சேரும் மெல்லிய துணி அடுக்கு சுருளின் விளிம்பைச் சுற்றியே அமைகிறது. ஆகவே கூடும் பரப்பு ஏறத்தாழ சுற்றளவு × துணியின் தடிமன் ஆகும். சுருள் பெரிதாகும்போது, அதே நீளத் துணி ஆரத்தைக் குறைவாகவே கூட்டுகிறது. ஆரம் இருமடங்கானால், ஆரம் வளரும் வீதம் பாதியாகும்.

வரைபடத்தில் நோக்கினால், வகைக்கெழு என்பது வளைவரையின் ஒரு புள்ளியில் வரையப்படும் தொடுகோட்டின் சாய்வு ஆகும்.

வரலாறு

இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில், கோள்களின் கணநேர இயக்கம் 'தாத்காலிக கதி' என்ற பெயரில் பேசப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே இதை முழுமையான முறையாக வளர்த்தனர். லைப்னிட்சின் கட்டுரை 1684இல் வெளியானது. முதலில் வகுக்கும்போது சுழியல்ல என்று கொண்ட மாற்றத்தைப் பின்னர் சுழியாக்குவது முறையா என 1734இல் பெர்க்லி வினவினார். 1821இல் கோசி எல்லையை அடிப்படையாக வைத்து நுண்கணிதத்தை அமைத்தார். பின்னர் வையர்ஸ்ட்ராஸ் அதற்குத் துல்லியமான வரையறை தந்தார்.

பயன்கள்

இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு திசைவேகம். திசைவேகத்தின் வகைக்கெழு முடுக்கம். மேலே எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் உயரத்தின் வகைக்கெழு சுழியாகிறது. இவ்வாறு பெரும, சிறும மதிப்புகளைக் காண்பது பொறியியலிலும் பொருளியலிலும் பயன்படுகிறது. வகையிடல் சூத்திரங்கள் யாவும் மேற்கண்ட எல்லைக் கணக்கிலிருந்தே பெறப்படுகின்றன. அக்கணக்கை அறிந்தவர் மறந்த சூத்திரத்தை மீண்டும் வருவித்துக்கொள்ளலாம்.